இனமும் கிளையினமும்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று இவ்விடத்தில் இனம் என்றால் என்ன, கிளையினம் என்றால் என்ன, இவ்விரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்பது பற்றிப் பேசும்படி வாசகசாலைத் தோழர்கள் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டவுடன், இது ஏதோ காலேஜ் பிள்ளைகள் படிக்கவேண்டிய பாடமாயிற்றே, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது. அதை உண்டாக்கினவர் நான் அல்ல. சென்ற மாதம் இதே இடத்தில் நடந்த கூட்டத்தின் முடிவில் எழுந்து ஒரு கேள்வி கேட்ட பெரியவர்தான். அவர் இன்றும் முன் வரிசையில் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு மிகவும் சந்தோஷமாயிருக்கிறது.

அவர் கேட்டது இதுதான்: "ஆட்டிலே வெள்ளாடு என்றும் செம்மறியாடு என்றும் இருக்கிறது, மாட்டிலே பசு என்றும் எருமை என்றும் இருக்கிறது, நெல்லிலே சம்பா என்றும் குறுவை என்றும் இருக்கிறது. இப்படி எல்லா ஜீவராசிகளிலும் பிரிவு இருக்கும்போது மனிதனில் மட்டும் பிரிவு இல்லை என்று நீங்கள் எப்படிச் சொல்லலாம்?"

அன்று நேரமாகிவிட்டபடியால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. கேள்வி நியாயமான கேள்வி. நம்மில் ஆயிரம் பேர் மனதில் இருப்பதை அவர் ஒருவர் வாய்விட்டுக் கேட்டார். ஆதலால் அவர் எடுத்துக்காட்டிய அதே ஆட்டையும் மாட்டையும் நெல்லையும் வைத்துக்கொண்டே இன்று பேசலாமென்று வந்திருக்கிறேன்.

ஆட்டில் இரண்டு, மாட்டில் இரண்டு

முதலில் ஆட்டை எடுத்துக்கொள்வோம். வெள்ளாட்டையும் செம்மறியாட்டையும் நாம் "ஆடு" என்ற ஒரே பேரால் அழைக்கிறோம். அதனால் இரண்டும் ஒன்றின் இரண்டு பிரிவுகள் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் பேர் வைத்தது நாம். ஆட்டுக்கு அது தெரியாது. ஒரே பட்டியில் இரண்டையும் தலைமுறை தலைமுறையாக அடைத்து வைத்திருக்கிறோமே, இரண்டுக்கும் பிறந்த குட்டிகள் என்று ஒரு மந்தையை யாராவது கண்டதுண்டா? தப்பித் தவறிக் கரு உண்டானாலும் பெரும்பாலும் அது நிலைப்பதில்லை. வெள்ளாட்டின் உடம்பிலுள்ள ஒவ்வோர் அணுவறையிலும் பாரம்பரியத்தைச் சுமக்கும் குரோமோசோம்கள் என்னும் இழைகள் 60 இருக்கின்றன, செம்மறியாட்டுக்கு 54. இவை இரண்டும் ஒன்றின் பிரிவுகள் அல்ல. இரண்டு தனித்தனி இனங்கள்.

பசுவும் எருமையும் அப்படியே. ஒரே தொழுவத்தில் ஒரே வைக்கோலைத் தின்கின்றன. "எருமை மாடு" என்று நாமும் மாட்டோடு மாடாகச் சேர்த்துச் சொல்லுகிறோம். ஆனாலும் பசுவுக்கும் எருமைக்கும் கலந்த கன்று ஒன்று உலகத்தில் கிடையாது.

குதிரையும் கழுதையும் இன்னும் கொஞ்சம் நெருக்கம். குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62. இவை இரண்டும் சேர்ந்தால் கோவேறு கழுதை பிறக்கிறது, அதற்கு 63. கோவேறு கழுதை நன்றாக உழைக்கும், மூட்டை சுமக்கும்; ஆனால் அதற்கு வம்சம் கிடையாது. மிக அபூர்வமாக ஒன்றிரண்டு ஈன்றதாகக் கணக்கு உண்டே தவிர, கோவேறு கழுதையும் கோவேறு கழுதையும் சேர்ந்து பெருகின மந்தை எங்கும் இல்லை.

இப்போது இனம் என்றால் என்ன என்பது உங்களுக்கே விளங்கியிருக்கும். எர்ன்ஸ்ட் மேயர் என்னும் பிராணி நூல் அறிஞர் 1942-ல் எழுதிய புத்தகத்தில் இதை வரையறுத்துச் சொன்னார். அதன் கருத்து இதுதான்: தங்களுக்குள் இயற்கையாகக் கூடிக் குட்டி போட்டு, அந்தக் குட்டிகளும் மேலும் பெருகக்கூடியதாக இருந்து, மற்றக் கூட்டத்தோடு அப்படிப் பெருகாமல் விலகி நிற்கும் கூட்டமே ஓர் இனம். ஆகவே இனத்தின் எல்லையைக் காட்டுவது தோலின் நிறமல்ல, கொம்பின் வளைவல்ல. வம்சம் தொடர்கிறதா இல்லையா என்பதுதான். அந்த வேலியை இயற்கை அந்தப் பிராணியின் உடம்புக்குள்ளேயே, நடத்தைக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறது.

நாட்டு மாடும் சீமை மாடும்

இனி கிளையினத்துக்கு வருவோம். சிலர் இதைத் துணையினம் என்றும் எழுதுகிறார்கள். பேர் எதுவாயிருந்தாலும் விஷயம் ஒன்றுதான்.

அதே தொழுவத்துக்குத் திரும்பிப் போங்கள். நம் நாட்டு மாட்டுக்கு முதுகில் திமில் இருக்கிறது, கழுத்தின் கீழே தாடை தொங்குகிறது, வெயிலைத் தாங்குகிறது. ஜெர்சி முதலான சீமை மாட்டுக்குத் திமில் கிடையாது, தாடை சிறிது, பால் அதிகம், வெயிலில் நாக்கைத் தள்ளுகிறது. பார்த்தவுடனே சின்னக் குழந்தைகூட இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடும். இந்த வெளித்தோற்றத்தைக் கண்டு, உயிர்களுக்கெல்லாம் பேர் வைத்த ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் என்பவரே 1758-ல் இவற்றை இரண்டு தனி இனங்கள் என்று எழுதிவைத்தார்.

ஆனால் நடப்பது என்ன? நம் ஊர் மாட்டுக்கும் ஜெர்சிக்கும் கன்று பிறக்கிறது. அந்தக் கன்று கிடேரியானால் பருவத்தில் சினை பிடித்து அதுவும் கன்று ஈனுகிறது, பால் கறக்கிறது. இன்று நம் வீடுகளுக்கு வரும் பாலில் பெரும்பங்கு இந்தக் கலப்புப் பசுவின் பால்தானே! இரண்டுக்கும் குரோமோசோம் 60. ஆகவே அறிஞர்களில் பலர் இப்போது இவை ஒரே இனத்தின் இரண்டு கிளையினங்கள் என்று சொல்லுகிறார்கள்.

அப்படியானால் இந்த வித்தியாசம் எப்படி வந்தது? தூரத்தால் வந்தது. இவற்றின் காட்டு மூதாதைகள் பல லட்சம் வருஷங்களுக்கு முன்னே ஒன்று மேற்கேயும் ஒன்று கிழக்கேயுமாகப் பிரிந்துபோயின. ஒன்றை மேற்கு ஆசியாவில் சுமார் 10,000 வருஷங்களுக்கு முன்னும், மற்றொன்றைச் சிந்து நதிப் பிரதேசத்தில் சுமார் 8,000 வருஷங்களுக்கு முன்னும் மனிதன் பிடித்துப் பழக்கினான். நடுவிலே மலையும் பாலைவனமும் இருந்தபடியால் இரண்டும் கலக்க வழியில்லை. கலக்காமல் இருந்த காலமெல்லாம் அந்தந்த ஊர் வெயிலுக்கும் குளிருக்கும் தக்கபடி உடம்பு மாறிக்கொண்டு வந்தது. வழி திறந்தவுடன் கலந்துவிட்டன. அவ்வளவுதான்.

கிளையினத்தின் இலட்சணம் இதிலிருந்து மூன்றாகத் தெரிகிறது. முதலாவது, அதற்கென்று தனியான ஒரு வாழும் பிரதேசம் இருக்கவேண்டும். இரண்டாவது, மற்றப் பிரதேசத்துக் கூட்டத்திலிருந்து பிரித்தறியும்படியான, வம்சத்தில் இறங்கிவரும் அடையாளம் இருக்கவேண்டும். 100-க்கு 75-ஐயாவது அப்படிப் பிரித்துக் காட்ட முடியவேண்டும் என்று ஒரு பழைய விதியும் உண்டு. மூன்றாவது, எல்லையில் இரண்டும் சந்தித்தால் கூடிப் பெருகக்கூடியதாக இருக்கவேண்டும். இந்த மூன்றாவதுதான் இனத்துக்கும் கிளையினத்துக்கும் உள்ள பெரிய பேதம். இனத்துக்கு வேலி உடம்புக்குள் இருக்கிறது. கிளையினத்துக்கு வேலி வெளியே, மலையாகவும் கடலாகவும் ஆறாகவும் இருக்கிறது. வெளி வேலி போனால் கிளையினமும் கரையத் தொடங்கிவிடும்.

அப்படியானால் காங்கேயம், பர்கூர், புலிக்குளம், உம்பளாச்சேரி என்கிறோமே, அவை என்ன என்று கேட்பீர்கள். சந்தையில் நாம் அவற்றையும் "இனம்" என்றுதான் சொல்லுகிறோம். ஆனால் அவை இனமும் அல்ல, கிளையினமும் அல்ல. திமிலுள்ள கிளையினத்துக்குள்ளே மனிதன் தன் தேவைக்காகப் பொறுக்கிச் சேர்த்து வளர்த்த வகைகள். நாயிலே ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் அப்படித்தான். பிராணிகளுக்குப் பேர் வைக்கும் சர்வதேச விதியில் கிளையினத்துக்குக் கீழே வேறு படியே கிடையாது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அமெரிக்காவில் "பிராமன்" என்று ஒரு மாட்டு வகை வெகு பிரசித்தம். தூய வகை என்று விலை கொடுத்து வாங்குகிறார்கள். அது எப்படி உண்டாயிற்று தெரியுமா? நம் தேசத்து கிர், குஜராத், நெல்லூர் முதலான மாடுகளைக் கொண்டுபோய், அங்கிருந்த மாட்டோடும் சேர்த்து, ஒன்றோடொன்று கலந்து உண்டாக்கியது! பேரிலே உள்ள தூய்மை இரத்தத்தில் இல்லை. அதனாலே அந்த மாட்டுக்கு ஒரு குறைவும் வந்துவிடவில்லை. நன்றாகவே இருக்கிறது.

நெல்லின் கதை

பெரியவர் சம்பா, குறுவை என்றார். அவை பெரும்பாலும் பருவத்தையும் பயிரின் வயதையும் காட்டும் பேர்கள். நெல்லிலும் கிளையினம் உண்டு. ஆனால் அது வேறு. நம்முடைய வெப்பதேசத்து நெல் ஒன்று. சோறு உதிரியாக இருக்கும். ஜப்பான், கொரியா முதலான நாடுகளின் நெல் ஒன்று. அரிசி குட்டையாய் உருண்டிருக்கும், சோறு ஒட்டிக்கொள்ளும். 1928-ல் ஜப்பானிய அறிஞர் காட்டோ என்பவர் முதலானோர் இவ்விரண்டையும் கலந்து பார்த்து, கலப்பில் பிறந்த பயிரில் பல மணிகள் பதராய்ப் போவதைக் கண்டு, இவற்றை இரண்டு கிளையினங்களாகப் பிரித்து "இண்டிகா", "ஜப்பானிகா" என்று பேர் வைத்தார்கள்.

பதர் விழுகிறது, ஆனால் முழுவதும் பதராகவில்லை என்பதைக் கவனியுங்கள். அதாவது வேலி உடம்புக்குள் ஏறத் தொடங்கியிருக்கிறது, இன்னும் முழுவதும் ஏறவில்லை. இனம் என்பது ஒரு நாளில் ஒருவர் "உண்டாகக் கடவது" என்று சொல்லி உண்டானதல்ல. இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து உண்டாகிறது. கிளையினம் என்பது அந்த வழியில் ஒரு சத்திரம். சில கூட்டங்கள் அங்கிருந்து மேலே நடந்து தனி இனமாகிவிடும். சில திரும்பி வந்து பழையபடி ஒன்றாகிவிடும்.

மேற்படி பதரை எல்லாம் பொறுத்துக்கொண்டு விடாமல் கலந்து பார்த்ததன் பலன் என்ன? கோயமுத்தூர் ஆராய்ச்சிப் பண்ணையில் 1921-ல் வெளியிட்ட ஜி.இ.பி. 24 என்னும் நம் நெல்லையும் ஒரு ஜப்பானிய நெல்லையும் கலந்து பிறந்ததுதான் ஆடுதுறை 27. 1960-களில் தஞ்சாவூர் ஜில்லாவில் அது வயல் வயலாக விளைந்தது. இரண்டு கிளையினங்களின் கலப்பில் பிறந்த அரிசியை நம் பெற்றோர்களும் பாட்டன்மார்களும் உண்டார்கள். "கலப்பு நெல், நான் தொடமாட்டேன்" என்று யாரும் பட்டினி கிடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பேரில் உயிர் இருக்கிறது

இதெல்லாம் வெறும் பேர்ச் சண்டை, இனமென்றால் என்ன கிளையினமென்றால் என்ன என்று சிலர் சொல்லலாம். அப்படியல்ல. பேர் சரியாக இல்லாவிட்டால் உயிர் போய்விடும் என்பதற்கு யானையைச் சொல்லுகிறேன்.

ஆசிய யானை ஓர் இனம். அதில் இலங்கை யானை, இந்தியா முதலான பெருநிலத்து யானை, சுமத்ரா யானை என்று மூன்று கிளையினங்களைச் சொல்லுகிறார்கள். இலங்கை யானை கறுத்துப் பெருத்தது. ஆண்களிலும் மிகச் சிலவற்றுக்கே தந்தம். சுமத்ரா யானை சிறியது. இந்த யானைக்கும் ஆப்பிரிக்க யானைக்கும் உள்ள பேதமோ இனபேதம். 1978-ல் இங்கிலாந்தில் செஸ்டர் மிருகக்காட்சிசாலையில் இரண்டுக்கும் ஒரு கன்று பிறந்தது. இரண்டு வாரம்கூட அது உயிர்வாழவில்லை.

ஆப்பிரிக்காவில் வெட்டவெளி யானை என்றும் காட்டு யானை என்றும் இரண்டு உண்டு. வெகுகாலம் இவற்றை ஒரே இனத்தின் இரண்டு கிளையினங்கள் என்றே வைத்திருந்தார்கள். இரண்டையும் ஒன்றாகவே எண்ணினார்கள். மொத்தத்தில் ஆபத்து இவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. பிறகு மரபணுக்களைச் சோதித்தபோது, இவை பல லட்சக்கணக்கான வருஷங்களுக்கு முன்பே பிரிந்தவை என்றும், எல்லையில் சில இடங்களில் கலந்தபோதிலும் இரண்டு இனங்களாகவே கொள்ளத்தக்கவை என்றும் தெரிந்தது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2021-ல் முதல்முறையாக இரண்டையும் தனித்தனியே எண்ணிப் பார்த்தது. அப்போதுதான் காட்டு யானைக் கூட்டம் 31 வருஷங்களில் 100-க்கு 86-க்கு மேல் அழிந்துபோயிருப்பது வெளியாயிற்று. கூட்டுக் குடும்பத்துக் கணக்கில் ஒரு பிள்ளையின் பட்டினி தெரியாமல் போவதுபோல, ஒரு பேருக்குள் ஒரு இனத்தின் அழிவு மறைந்து கிடந்தது.

இதற்கு நேர்மாறான கதை புலியின் கதை. காஸ்பியன் கடற்பக்கம் வாழ்ந்த புலி தனிக் கிளையினம் என்று எண்ணப்பட்டது. அது சென்ற நூற்றாண்டில் அடியோடு அழிந்தது. 2009-ல் அதன் பழைய தோலையும் எலும்பையும் சோதித்தபோது, ருஷியாவின் கிழக்குக் கோடியில் இன்றும் வாழும் சைபீரியப் புலிக்கும் அதற்கும் ஏறக்குறைய வித்தியாசமே இல்லை என்று கண்டார்கள். அதை நம்பித்தான் கசகஸ்தான் தேசம் பழைய இடத்தில் புலியை மீண்டும் குடியேற்ற முனைந்து, 2024-ல் இரண்டு புலிகளை வரவழைத்திருக்கிறது. பேர் திருந்தினதால் போன புலி திரும்பும் வழி பிறந்திருக்கிறது.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். புலியில் கிளையினங்கள் எத்தனை? முன்பு எட்டு என்றும் ஒன்பது என்றும் சொன்னார்கள். 2017-ல் ஒரு நிபுணர் குழு இரண்டுதான் என்றது. 2018-ல் வேறு அறிஞர்கள் முழு மரபணுவையும் படித்து ஆறு என்றார்கள். இப்படி மாறுவதேன்? இனத்தின் எல்லையைப் பெரும்பாலும் பிராணிகளே தங்கள் நடத்தையால் காட்டிவிடுகின்றன. கிளையினத்தின் எல்லையை, எந்த அடையாளத்தை வைத்துப் பிரிப்பது என்று தீர்மானித்து, மனிதன்தான் போடுகிறான். வில்சன், பிரௌன் என்ற இரு அறிஞர்கள் 1953-லேயே இதைக் கண்டித்து எழுதினார்கள். நிறத்தை வைத்துக் கோடு போட்டால் ஒரு இடத்தில் விழுகிறது. உயரத்தை வைத்துப் போட்டால் வேறிடத்தில் விழுகிறது. எந்தக் கோட்டை நம்புவது என்பது அவர்கள் கேள்வி. அதற்கு இன்றும் எல்லோரும் ஒப்புக்கொண்ட பதில் இல்லை. ஒப்புக்கொள்ளாததை ஒப்புக்கொள்ளவில்லை என்று சொல்லுவதுதான் விஞ்ஞானத்தின் யோக்கியதை.

இன்னுமொன்று. கிளையினத்துக்கு மூன்று சொல்லில் பேர் வைப்பது வழக்கம். இலங்கை யானைக்கு "எலிபாஸ் மாக்சிமஸ் மாக்சிமஸ்" என்று இனப்பேரே இரட்டித்து வரும். நம் யானைக்கு "எலிபாஸ் மாக்சிமஸ் இண்டிகஸ்". இனப்பேர் இரட்டித்து வருவதால் இலங்கை யானை உசத்தி என்று அர்த்தமா? இல்லை. முதலில் பேர் சூட்டப்பட்ட கூட்டம் அது என்பதுதான் காரணம். கோயிலில் கொடுக்கிற முதல் மரியாதை அல்ல இது. இனமென்றும் கிளையினமென்றும் சொல்லும் இந்தச் சாஸ்திரம் முழுவதிலும் தேடிப் பார்த்தாலும் மேல், கீழ் என்ற சொல்லுக்கு இடமே கிடையாது.

மனிதன் எங்கே?

நிற்க. இப்போது பெரியவர் கேள்விக்கே வருகிறேன். மனிதனில் கிளையினம் உண்டா?

உண்டு என்றுதான் முதலில் எழுதினார்கள். முன் சொன்ன லின்னேயஸ் 1758-ல் மனிதனை ஐரோப்பியன், அமெரிக்கன், ஆசியாக்காரன், ஆப்பிரிக்கன் என்று நாலாகப் பிரித்தார். நிறத்தோடு நின்றாரா? ஐரோப்பியன் சட்டப்படி நடப்பவன், ஆசியாக்காரன் கர்வி, பேராசைக்காரன், ஆப்பிரிக்கன் தன் மனம்போனபடி நடப்பவன் என்று குணத்தையும் சேர்த்து எழுதிவிட்டார். அவர் ஆசியாவையோ ஆப்பிரிக்காவையோ கண்ணால் கண்டவரல்லர். மாட்டின் திமிலைப் பற்றிச் சொல்லும்போது கண்டதை எழுதிய மனிதர், மனிதனைப் பற்றிச் சொல்லும்போது கேட்டதையும் நினைத்ததையும் எழுதினார். பெரிய அறிஞர் எழுதினார் என்பதற்காகப் பிசகு சரியாகிவிடாது.

பிற்காலத்தார் சோதித்துப் பார்த்தார்கள். 1972-ல் ரிச்சர்ட் லெவான்டின் என்னும் அமெரிக்க அறிஞர் பல தேசத்து மக்களின் இரத்தத்திலுள்ள பாரம்பரியக் கூறுகளைக் கணக்கிட்டார். மனிதருக்குள் உள்ள மொத்த வேற்றுமையில் 100-க்கு சுமார் 85 பங்கு ஒரே கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளையர், கறுப்பர் என்று சொல்லும் பெரும்பிரிவுகளுக்கு இடையில் இருப்பது 6 பங்குதான் என்று கண்டார். அதாவது உங்களுக்கும் உங்கள் தெருக்காரருக்கும் உள்ள வேற்றுமைதான் பெரிது. உங்கள் ஊருக்கும் அயல்தேசத்துக்கும் உள்ள வேற்றுமை அதன்மேல் ஏறும் ஒரு சிறு பங்கு. பின்னால் வந்த பெரிய சோதனைகளும் இந்தக் கணக்கைப் பெரிதும் மாற்றவில்லை.

நம் நெருங்கிய உறவான சிம்பன்சிக் குரங்கைப் பாருங்கள். ஆப்பிரிக்காவில் மட்டும் வாழும் அதில் நாலு கிளையினங்கள் உண்டு. காமரூன் தேசத்தில் அடுத்தடுத்து வாழும் இரண்டு சிம்பன்சிக் கூட்டங்களுக்கு இடையே உள்ள வேற்றுமை, வெவ்வேறு கண்டங்களில் வாழும் மனிதக் கூட்டங்களுக்கு இடையே உள்ளதைவிட அதிகம் என்று 2012-ல் ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. காரணம் என்னவென்றால், நாமெல்லோரும் சுமார் 3 லட்சம் வருஷங்களுக்கு முன் ஆப்பிரிக்காவில் தோன்றியவர்கள். அங்கிருந்து உலகமெங்கும் பரவி இன்னும் ஒரு லட்சம் வருஷம்கூட ஆகவில்லை. பரவின இடத்திலும் சும்மா இருக்கவில்லை. நடந்தோம், கப்பலேறினோம், கலந்தோம். தோலின் நிறம் தெற்கிலிருந்து வடக்கே போகப் போகப் படிப்படியாக மாறுகிறதே தவிர, இங்கே கறுப்பு முடிந்தது, இங்கே வெளுப்பு தொடங்கிற்று என்று ஒரு கல் நட முடியாது.

மனிதனை "ஹோமோ சேபியன்ஸ் சேபியன்ஸ்" என்று கிளையினப் பேரோடு எழுதுவாரும் உண்டு. அப்படி எழுதினாலும் இன்று உயிரோடிருக்கும் 800 கோடிப் பேரும் அந்த ஒன்றுக்குள்ளேயே அடக்கம். இரண்டாவது கிளை என்று ஒன்று இன்று இல்லை.

ஜாதிக்குப் பரீட்சை

கண்டத்துக்குக் கண்டமே கிளையினம் இல்லையென்றால், ஒரே ஊரில் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் எங்கிருந்து வரும்? ஆனாலும் பெரியவர் திருப்திக்காக அந்த மூன்று பரீட்சையையும் வைத்துப் பார்ப்போம்.

தனிப் பிரதேசம் உண்டா? ஒரே ஊர், ஒரே ஆறு, ஒரே வெயில். கடலும் மலையும் நடுவில் இல்லை.

பார்த்தவுடன் அறியும் அடையாளம் உண்டா? உடுப்பையும் நெற்றியையும் மறைத்துவிட்டு 100 பேரை நிறுத்தினால் 75 பேரின் ஜாதியைச் சொல்லத் தக்கவர் யாராவது இக்கூட்டத்தில் இருக்கிறீர்களா? பேரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, அதிலும் தெரியாவிட்டால் "நீங்கள் என்ன ஆளுங்க?" என்று கேட்டல்லவா தெரிந்துகொள்ளுகிறார்கள்? எருமையிடம் போய் "நீ என்ன ஜாதி?" என்று யாராவது கேட்டதுண்டா?

மூன்றாவது, கலந்தால் வம்சம் பெருகுமா? பெருகும் என்பதற்கு நாமே ருஜு. 2013-ல் வெளியான ஒரு மரபணு ஆராய்ச்சி, இந்நாட்டு மக்களில் ஏறக்குறைய எல்லாக் கூட்டத்தாரும் இரண்டு பழைய மூதாதை வழிகளின் கலப்பில் வந்தவர்களே என்றும், அந்தக் கலப்பு சுமார் 4,200 வருஷங்களுக்கு முன்னிருந்து 1,900 வருஷங்களுக்கு முன்வரை நடந்தது என்றும், தனக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை என்ற கட்டுப்பாடு அதற்குப் பிறகுதான் இறுகிற்று என்றும் காட்டிற்று. எல்லோரும் கலந்த பிறகு கதவைச் சாத்திவிட்டு, "நாங்கள் கலக்காதவர்கள்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்! சாத்தின கதவுக்குள் கண்ட லாபமும் தூய்மையல்ல. சிறு வட்டத்துக்குள்ளேயே பெண் கொண்டு கொடுத்ததால் சில பிறவி நோய்கள் சில கூட்டங்களில் மிகுந்திருப்பதை 2017-ல் வந்த இன்னோர் ஆராய்ச்சி எடுத்துக்காட்டியிருக்கிறது.

இன்னும் ஒரு வார்த்தை. இயற்கை போட்ட வேலிக்குக் காவல் தேவையில்லை. பசுவும் எருமையும் கலக்கக்கூடாது என்று எந்தச் சாஸ்திரத்திலாவது எழுதியிருக்கிறதா? வெள்ளாடும் செம்மறியும் கலந்தால் இன்ன தண்டனை என்று விதித்திருக்கிறதா? இல்லை, தேவையில்லை. மனிதனுக்கு மட்டும் கலக்காதே என்று எழுதவேண்டியிருந்தது. மனுதர்ம சாஸ்திரத்தின் பத்தாம் அத்தியாயத்தில் வருணம் கலந்து பிறந்தவர்களுக்கென்று நீண்ட ஜாபிதாவே போடவேண்டியிருந்தது. அந்த ஜாபிதாவே, கலந்தார்கள், பிள்ளை பெற்றார்கள், வம்சம் பெருகிற்று என்பதற்குச் சாட்சி. விதியும் தண்டனையும் வேண்டியிருக்கிறதென்றால் அங்கே இயற்கையின் வேலி இல்லை என்றுதானே அர்த்தம்?

இது வெறும் தர்க்கமாயிருந்தால் நான் இவ்வளவு நேரம் பேசியிருக்கமாட்டேன். இன்றும் நம் நாட்டில், வேறு ஜாதியில் கல்யாணம் செய்துகொண்டதற்காகப் பெற்ற பெண்ணையும் அவள் புருஷனையும் கொல்லுகிறார்கள். ஏன் என்று கேட்டால் "இரத்தம்" என்கிறார்கள். அந்த இரத்தத்தில் அவர்கள் சொல்லுகிற வேலி இல்லை என்பதை எடுத்துச் சொல்லத்தான் ஆட்டையும் மாட்டையும் நெல்லையும் யானையையும் இவ்வளவு தூரம் கூட்டிவந்தேன்.

ஆகவே தோழர்களே, ஆட்டில் இரண்டு இருப்பது உண்மை. அவை இரண்டு இனம். மாட்டில் திமிலுள்ளது, இல்லாதது என்று இருப்பது உண்மை; அவை இரண்டு கிளையினம். மனிதனில் ஜாதி இருப்பதும் உண்மை. ஆனால் அது இனமுமல்ல, கிளையினமுமல்ல, காங்கேயம் பர்கூர்போல ஒரு வகைகூட அல்ல. அது மனிதன் போட்ட வேலி. மனிதன் போட்டதை மனிதன் எடுக்கலாம்.

நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்பிவிட வேண்டாம். வீட்டுக்குப் போனதும் தொழுவத்தை ஒருமுறை பாருங்கள். பிறகு கண்ணாடியையும் பாருங்கள். உங்கள் புத்திக்கு எது சரியென்று படுகிறதோ அதை ஏற்றுக்கொள்ளுங்கள். பெரியவருக்கு இன்னும் சந்தேகமிருந்தால் இப்பொழுதே கேட்கலாம். அவர் கேட்டதால்தான் நானும் இவ்வளவு படித்துக்கொள்ள நேர்ந்தது.